முதலாம் பிரதிவாதி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆலையின் ஆள் பதிவேட்டில் அது இருந்தது; ஒரு திங்கட்கிழமை மாலையிலிருந்து நீதிமன்றக் காகிதத்திலும் இருந்தது. மற்றபடி அந்தக் கண்ணாடிப் புட்டி ஆலையின் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவர் ‘இருபது’. இளையவர்களுக்கு ‘இருபதண்ணே’. அவசரத்தில் மேலாளருக்கும் அதே பெயர்தான் வாயில் வரும்.

பெயருக்குக் காரணம் உலை. உலையின் இரண்டு பக்கமும் செங்கல் அறைகள். இருபது நிமிடம் தீ இடப்பக்கமிருந்து வீசும். வெளியே போகிற சூட்டை வலப்பக்க அறை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு தீயை வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். காற்று அந்தச் சூடேறிய அறை வழியாக உள்ளே வரும். மறுபடி இருபது நிமிடம் கழித்து இடம். தானாக மாற்றுகிற கருவி பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு செத்துப் போயிற்று. “புதுசு வருது” என்று நான்கு மேலாளர்கள் சொன்னார்கள். கருவி வரவில்லை, மேலாளர்கள்தான் வந்தார்கள், போனார்கள். அன்றிலிருந்து நான்கு பேர் கை வைத்துத்தான் தீ பக்கம் மாறுகிறது. எரிவாயுவை அடைத்துத் திறக்க ஒருவர், புகைக் கதவுகளுக்கு இருவர், பெரிய நெம்புகோலுக்கு ஒருவர். நெம்புகோல் இருபதுடையது.

வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் உடம்புக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சினிமாவுக்குப் போனால் இரண்டரை மணி நேரப் படத்தில் ஏழு தடவை எழுந்திருப்பார். “பக்கத்து சீட்டுக்காரன் உங்களை வியாதிக்காரர்னு நினைச்சுக்கிட்டான்” என்பாள் மனைவி. அவளும் அதே ஆலைதான். விளக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நகர்ந்து போகிற புட்டிகளில் கீறலும் குமிழியும் பார்த்துத் தள்ளுகிற வேலை; பத்தொன்பது ஆண்டு. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளைக் கட்டிக்கொண்டு தாம் குடும்பம் நடத்துவதாக இருபது சொல்லிக்கொள்வார். இருவருக்கும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சன்னலைத் திறந்தால் ஆலையின் புகைபோக்கி தெரியும். அதற்காகவே அந்த வீட்டைப் பிடித்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டாவது வயதில் மணல் அள்ளுகிறவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒரு வேலைநிறுத்தம். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்; உலையை யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் தீ அடங்கியது. உள்ளே உருகியிருந்த கண்ணாடி ஒரே பாறையாக இறுகிக்கொண்டது. கூரைச் செங்கல்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். வேலைநிறுத்தம் ஜெயித்தது, ஆனால் திரும்பிப் போக ஆலை இல்லை. சம்மட்டியும் உளியுமாக அந்தப் பாறையை உடைத்து எடுத்துப் புது உலை கட்ட ஒன்பது மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் சங்கம் ஒரு விதி எழுதிக்கொண்டது: எந்த வேலைநிறுத்தத்திலும் எட்டுப் பேர் தீக்காவல் இருக்க வேண்டும். நான்கு பேர் பகல், நான்கு பேர் இரவு. ஒரு புட்டிகூட வார்க்கக் கூடாது. தீயை மட்டும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகளில் மூன்று வேலைநிறுத்தங்கள் அப்படி நடந்தன. யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

இது நான்காவது. காரணம் மாற்றாள். உலைவாயில் புட்டி வார்க்கும் எந்திரத்தின் முன் நாற்பது நிமிடம் நின்றவர் இருபது நிமிடம் வெளிக்காற்றில் உட்காருவார். அந்த நேரத்துக்கு நிற்பவர் மாற்றாள். சிக்கனம் என்று சொல்லி ஆலை மாற்றாள்களை எடுத்துவிட்டது. ஒரே கோடையில் மூன்று பேர் சூட்டில் சுருண்டு விழுந்தார்கள். மூன்றாமவர் விழுந்தபோது அவர் கை எந்திரத்துக்குள் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை எந்திரங்கள் நின்றன.

பதினெட்டு நாள் ஓடின. வாசலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஏழரைக்கும் மாலை ஏழரைக்கும் தீக்காவல் மாறும். வாசலில் காவலாளியின் பதிவேட்டில் பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நால்வர் போவார்கள், நால்வர் வருவார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கால் மடக்கி வழி விடுவார்கள்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய். காலை ஏழு இருபத்தைந்துக்கு இருபது தம் மூன்று பேரோடு வாசலுக்கு வந்தபோது, நீதிமன்ற அமீனா ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றிருந்தார். கூட இரண்டு காவலர்கள். சங்கச் செயலாளரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு அவர் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். செயலாளர் எந்திரம் பழுது பார்ப்பவர். இருபதின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

சாரம் இதுதான். வேலைநிறுத்தக்காரர்கள் முதல் நாளிலிருந்து வாசலை அடைத்துக்கொண்டு ஒருவரையும் உள்ளே போகவோ வெளியே வரவோ விடவில்லை என்று ஆலை பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறது. ஆகவே கீழ்க்கண்ட எழுபத்து நான்கு பிரதிவாதிகளும் வாசலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வரக் கூடாது. ஆலைக்குள் நுழையவும் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை. திங்கள் மாலை ஒரு தரப்பை மட்டும் கேட்டு வழங்கிய இடைக்காலத் தடை.

அமீனா பெயர்களைப் படித்தார். முதல் பெயர் யாருக்கும் உடனே புரியவில்லை. “யாருப்பா அது?” என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றார் இருபது.

அடுத்த மூன்று பெயர்கள் அவரோடு நின்ற மூவர். அதற்கடுத்த நான்கும் அந்த நேரத்தில் உள்ளே உலையடியில் இருந்த இரவுக் காவல் நால்வர். முப்பத்தொன்பதாவதாக அவர் மனைவியின் பெயர் வந்தது.

“நீங்க ஒண்ணு, நான் முப்பத்தொம்பது. வீட்டுலயும் அதான் வரிசைன்னு நினைச்சுக்காதீங்க” என்றாள்.

இருபது அமீனாவிடம் போனார். “ஐயா, நான் உள்ள போகணும்.”

“உத்தரவுதான் படிச்சேனே. நிக்கவே கூடாது, உள்ள எப்படிப் போவீங்க?”

“நிக்க வரல. வேலைக்கு வந்தேன்.”

அமீனா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். “வேலைநிறுத்தம் பண்றீங்க. வேலைக்கும் வந்திருக்கீங்க. என்னய்யா இது, எனக்குப் புரியலையே.”

“எழுதினவங்களுக்கே புரிஞ்சிருக்காது” என்றார் செயலாளர். “மாமா, வாங்க. உள்ள இருக்கற நாலு பேரையும் கூப்பிடுங்க. உத்தரவுன்னா உத்தரவு.”

ஏழு நாற்பதுக்கு இரவுக் காவல் நால்வரும் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் முதல் தடவையாக உலையடியில் தீக்காவல் இல்லை.

அமீனா நாடா பிடித்து அளந்து, இருநூறாவது மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் நடுவில் போயிற்று. “ஐயா, என் பம்பு அந்தப் பக்கம், டியூபு இந்தப் பக்கம். காத்தடிக்க வர்றவன் ஜெயிலுக்குப் போவானா?” என்று கடைக்காரர் கேட்டார். அமீனா நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். எழுபத்து நான்கு பேரும் கோட்டுக்கு இப்பால் வந்து உட்கார்ந்தார்கள்.

இருபது உட்காரவில்லை. புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீ பக்கம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் புகைபோக்கியிலிருந்து ஒரு கறுப்பு மூச்சு கிளம்பும். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எட்டு ஐந்துக்கு ஒன்று. அடுத்தது எட்டு இருபத்தொன்பதுக்கு. பிறகு ஒன்பது மணிக்கு.

“இருபத்து நாலு. முப்பத்தொண்ணு” என்றார். “எஞ்சினியர் ஆபீஸ் ஆளுங்களை வெச்சு மாத்தறாரு. நெம்புகோலை இழுக்கத் தெரியாம தொங்கறாங்க.”

அடுத்தது முப்பத்தெட்டு நிமிடம்.

“கணக்கு பார்க்காதீங்க” என்றாள் மனைவி. “பார்த்தா மட்டும் அங்க போகவா முடியும்?”

“பார்க்காம இருக்கத்தான் முடியல.”

பத்தேகாலுக்கு மேலாளரின் கார் கோட்டருகே வந்து நின்றது. இறங்கிய வேகத்தில் கதவைச் சாத்தக்கூட இல்லை.

“இருபது, என்ன விளையாட்டு இது? உள்ள வாங்க.”

“விளையாட்டு இல்ல சார். உத்தரவு.”

“அது மத்தவங்களுக்கு.”

“என் பேருதான் சார் மொதல்ல இருக்கு.”

மேலாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தாமே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பட்டியலை அவர் அப்போதுதான் படித்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. ‘தினமும் வாசலில் இருந்தவர்கள் யார் யார், தேதியும் நேரமும் வேண்டும்’ என்று வக்கீல் கேட்டிருந்தார். மேலாளர் அதை நேர அலுவலகக் குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா நேரம் தவறாத மனிதர். வாசலில் தேதியும் நேரமும் எழுதியிருக்கிற ஒரே புத்தகத்தைத் திறந்து, அதில் தினமும் இருந்த எட்டுப் பெயர்களைத் தேதி, நேரத்தோடு முதலில் எழுதினார். மற்றவர்களைப் பிறகு சேர்த்தார்.

“ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் சொல்றேன், வாங்க” என்றார் மேலாளர்.

“நீங்க சொன்னா கோர்ட்டு உத்தரவு ரத்தாயிடுமா சார்? நாளைக்கு இதே நீங்க, கோட்டைத் தாண்டினான்னு இன்னொரு காகிதம் போட்டா, நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?”

செயலாளர் முன்னால் வந்தார். “ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார். ‘பதினெட்டு நாளா இந்த எட்டு பேரும் வாசல் வழியா உள்ள போய் வந்தாங்க, இனிமேலும் வரலாம்.’ அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் மாமா நெம்புகோல்ல இருப்பாரு.”

மேலாளர் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா நின்றது. ஒருவரையும் உள்ளே விடவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, எட்டுப் பேர் தினமும் போய் வந்தார்கள் என்று கையெழுத்துப் போடுவது எப்படி? தள்ளிப் போய் வக்கீலிடம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது பேனா சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது.

“இப்ப எழுத முடியாது.”

“ஏன் சார், மை தீந்து போச்சா?” என்றாள் முப்பத்தொன்பதாம் பிரதிவாதி. “வேணும்னா என் பேனாவைத் தர்றேன். நல்லா எழுதும்.”

கோட்டுக்கு இப்பால் பலத்த சிரிப்பு. மேலாளர் காரில் ஏறிப் போய்விட்டார். போகும்போதும் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

“அணையட்டும் அண்ணே” என்றார் தீக்காவலில் ஒருவர். “அவங்க கேட்டு வாங்கின உத்தரவு. அவங்களே அனுபவிக்கட்டும். ராத்திரிக்குள்ள கால்ல வந்து விழுவாங்க.”

இருபது அவர் பக்கம் திரும்பினார். “நீ சம்மட்டி புடிச்சதில்ல. நான் ஒன்பது மாசம் புடிச்சேன். உலை போச்சுன்னா மாற்றாள் எங்கடா வந்து நிப்பான், இந்த சைக்கிள் கடையிலயா?”

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

செயலாளர் சங்கத்தின் வக்கீலம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். தடையை ரத்துச் செய்யக் கேட்டு மனுப் போட்டாயிற்று. அவசரம் என்று சொல்லி மதியம் இரண்டேகாலுக்கு விசாரணை வாங்கியிருக்கிறார். முதல் நான்கு பிரதிவாதிகளும் நேரில் வர வேண்டும். “‘யார் கூப்பிட்டாலும் வாய்ச்சொல்லை நம்பிக் கோட்டைத் தாண்டாதீங்க’ன்னு சொன்னாங்க மாமா” என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு கறுப்பு மூச்சு வந்தது. முன்னதற்கும் அதற்கும் ஐம்பத்திரண்டு நிமிடம். புகை மெலிந்துவிட்டது. பதினெட்டு நாளும் ஆயிரத்து முந்நூற்றைம்பது டிகிரியில் நிறுத்தி வைத்திருந்த உலை, இந்தப் போக்கில் போனால் மாலை ஐந்துக்குள் ஆயிரத்து ஐம்பதுக்கு இறங்கும் என்று இருபது கணக்குப் போட்டார். அதற்குக் கீழே போனால் கூரை தாங்காது. வெடிக்க ஆரம்பித்த கூரையை யாராலும் மீட்க முடியாது.

வீட்டுக்குப் போய் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். மனைவி பொத்தானைச் சரி செய்துகொண்டிருந்தபோது சொன்னார்:

“நாலு மணி. அதுக்குள்ள கோர்ட்டுல ஒண்ணும் நடக்கலேன்னா நான் உள்ள போயிடுவேன்.”

“ஜெயில்ல போடுவாங்களே.”

“போடட்டும். உன் தம்பிகிட்டச் சொல்லாதே. அவன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரியும். நான் எப்படியும் வந்துடுவேன்னு ஆலைக்காரங்களுக்குத் தெரிஞ்சா, நாலு மணி வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பாங்க.”

அவள் காலரை ஒரு இழுப்பு இழுத்து நேராக்கினாள். “போறதா இருந்தா இந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. இது ஒண்ணுதான் பொசுங்காம இருக்கு.”

நீதிமன்ற அறை சிறியது. மின்விசிறி இரண்டு, ஒன்றுதான் சுற்றியது. இருபது பின்வரிசையில் உட்கார்ந்து, இங்கிருந்து புகைபோக்கி தெரியாதே என்று சன்னலைப் பார்த்தார். எதிர் சுவர்தான் தெரிந்தது. இரண்டு முப்பத்தெட்டுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள்.

ஆலையின் வக்கீல் முந்திக்கொண்டார். அவர் கையிலும் ஒரு புது மனு இருந்தது. ஆலையின் உலை அணையும் ஆபத்தில் இருக்கிறது. ஆகவே முதல் எட்டுப் பிரதிவாதிகளை மட்டும் தடையிலிருந்து விலக்கி, உடனே உள்ளே வர அனுமதிக்க வேண்டும்.

நீதிபதி மெலிந்த மனிதர். நேற்று மாலை தாம் கையெழுத்திட்ட உத்தரவை இடது கையிலும், இந்தப் புது மனுவை வலது கையிலும் பிடித்துக்கொண்டார்.

“நேத்து இவங்களை உள்ள விடாதேன்னு கேட்டீங்க. இன்னைக்கு உள்ள விடுன்னு கேக்கறீங்க.”

“எட்டு பேரை மட்டும் ஐயா. அவங்க உலையில் அனுபவசாலிகள்.”

“நேத்து வரைக்கும் அந்த உலையைப் பார்த்துக்கிட்டது யாரு?”

வக்கீல் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தரையைப் பார்த்தார்.

“மேலாளரே சொல்லட்டும்” என்றார் நீதிபதி.

மேலாளர் எழுந்தார். காலையிலிருந்து சூட்டுமானியைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லாமல் போயிருந்தது. “இவங்கதான் ஐயா. இந்த எட்டு பேர்தான்.”

“வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச பிறகுமா?”

“தினமும் ஐயா.”

“ஆலைக்கு எத்தனை வாசல்?”

“ஒண்ணுதான் ஐயா.”

“அந்த ஒரு வாசல் வழியா ஒருத்தரும் போக முடியலைன்னு நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்களே?”

அறையில் யாரோ இருமினார்கள்.

வக்கீலம்மா எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “ஐயா, வாசல் பதிவேட்டை ஆலைத் தரப்பு கையோடு கொண்டு வந்திருக்காங்க. அந்த மேசை மேலதான் இருக்கு. அதைக் கொஞ்சம் பார்க்கணும்.”

அந்த எட்டுப் பேரும் உலைக்காரர்கள்தான் என்று நிரூபிக்க மேலாளர் தாமே காரில் போட்டு எடுத்து வந்த புத்தகம் அது. நீதிபதி வாங்கிப் பிரித்தார். வக்கீலம்மா பிரமாணப் பத்திரத்தின் ஆறாம் பத்தியைப் படித்தார். வாசலை அடைத்து மிரட்டியதாகப் பதினொரு சம்பவங்கள் அதில் தேதியோடும் நேரத்தோடும் இருந்தன.

“ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபத்தாறு. முதலாம் பிரதிவாதி வாசலில் நின்று ஆட்களைத் தடுத்தார்.”

நீதிபதி விரலை வரிசையில் ஓட்டினார். “செவ்வாய்... ஏழு இருபத்தாறு. அதே பேர். உள்ளே போனார்னு இருக்கு. கையெழுத்தும் இருக்கு.”

“எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஏழு முப்பத்தொன்று. ஐந்தாம் பிரதிவாதி.”

“உள்ளே போனார்.”

“பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபத்தொன்பது. மூன்றாம் பிரதிவாதி.”

“உள்ளே போனார்.”

பதினொன்றையும் படித்தார்கள். பதினொன்றும் நிமிடம் பிசகாமல் பொருந்தின. கடைசி மூன்றுக்கு நீதிபதி படிப்பதற்கு முன்பே பின்வரிசையில் இருந்தவர்கள் “உள்ளே போனார்” என்று முணுமுணுத்தார்கள். டவாலி அதட்டினார், அதட்டும்போது அவரும் சிரித்துவிட்டார்.

நீதிபதி புத்தகத்தை மூடினார். “ஆக, யார் யார் உள்ளே போனாங்களோ, அவங்கதான் உள்ளே போகவிடாம தடுத்தாங்க. இதை நம்பி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.” அவர் ஆலையின் வக்கீலைப் பார்க்கவில்லை, தம் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “முதலாம் பிரதிவாதி யாரு?”

இருபது எழுந்து நின்றார்.

“ஏன் தினமும் போனீங்க? அது உங்க முதலாளியோட உலைதானே?”

“அணைஞ்சா எங்க வேலையும் அணைஞ்சிடும் ஐயா. நாங்க எந்திரத்தைத்தான் நிறுத்தினோம். தீயை நிறுத்தல.”

“இப்ப எப்படி இருக்கு உலை?”

“பன்னிரண்டு பத்துக்குக் கடைசியா பார்த்தேன் ஐயா. இப்ப மணி ரெண்டு அம்பத்தஞ்சு. நீங்க எழுதற ஒவ்வொரு நிமிஷமும் அது இறங்கிக்கிட்டிருக்கும்.”

நீதிபதி வேகமாகச் சொல்ல, எழுத்தர் எழுதினார். உண்மையை மறைத்துப் பெற்ற தடை உத்தரவு எழுபத்து நான்கு பேர் விஷயத்திலும் முழுமையாக ரத்து. வாசலுக்கு வெளியே அமைதியாக உட்கார அவர்களுக்குத் தடையில்லை. எட்டுப் பேருக்கு மட்டும் விலக்குக் கேட்ட மனுவுக்கு இனி வேலையில்லை. பொய்யான பிரமாணப் பத்திரம் பற்றி ஆலை பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். மணி மூன்று எட்டு.

வெளியே வந்ததும் செயலாளர் தொலைபேசியில் கத்திய கத்தலுக்கு மரத்தடியில் நின்ற வக்கீல்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ரத்து! முழுசா ரத்து! வாசலுக்குப் போங்க!”

இருபது பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

“பஸ்ல போனா அம்பது நிமிஷம் ஆகும். வண்டில ஏறுங்க.” மேலாளர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபது முன்னால் உட்கார்ந்தார். மூன்று பேர் பின்னால் நெருக்கியடித்தார்கள். மேலாளர் ஓட்டிய வேகத்தைப் பற்றிப் பின்னால் இருந்தவர்கள் பிறகு பல நாள் பேசினார்கள்.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் கார் ஏறிப் போனது. அதற்குள் வாசலுக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். கார் வருவதைக் கண்டதும் எழுந்து, நடுவில் அகலமாக வழி விட்டு, கை தட்டினார்கள். பதினெட்டு நாள் வாசலை அடைத்ததாகக் குற்றம் சாட்டிய மனிதர், அவர்கள் விட்ட வழியில், அவர்களுடைய முதலாம் பிரதிவாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே ஓட்டிப் போனார். இருபதின் மனைவி சன்னலருகே ஓடி வந்து, “சட்டை! சட்டை!” என்று கத்தினாள். அவர் காரிலேயே கழற்றி அவளிடம் வீசிவிட்டு, பனியனோடு உலையடிக்கு ஓடினார். மணி மூன்று நாற்பத்தொன்று.

சூட்டுமானி ஆயிரத்து நூற்று முப்பதைக் காட்டியது. எஞ்சினியரின் புருவம் பொசுங்கியிருந்தது. நெம்புகோலில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நேர அலுவலகக் குமாஸ்தா. உள்ளங்கைகள் இரண்டிலும் கொப்புளம்.

“தள்ளக் கூடாது சார், இழுத்து விடணும். பிடியை விடுங்க, இப்படி வாங்க” என்று சொல்லி இருபது பிடியைப் பற்றினார். பார்வைத் துளையில் கண் வைத்துக் கூரையைப் பார்த்தார். செங்கல் ஒன்றும் விரியவில்லை. “அடை” என்றார். எரிவாயு அடைபட்டது. “கதவு.” கதவுகள் மாறின. நெம்புகோல் ஒரே இழுப்பில் திரும்பியது. “திற.” தீ வலப்பக்கமிருந்து சீறிக்கொண்டு பாய்ந்தது.

வெளியே வாசலில் இருந்தவர்கள் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு மூச்சு கிளம்பியதும் ஒரு ஆரவாரம். நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு அடுத்தது கிளம்பியபோது அதைவிடப் பெரிய ஆரவாரம். அது உலைச் சத்தத்தையும் மீறி உள்ளே கேட்டது.

குமாஸ்தா ஓரமாக நின்றிருந்தார். அழுதிருப்பார் போலிருந்தது. “அண்ணே, நேரம் கேட்டாங்க. நான் புக்கைப் பார்த்து எழுதிக் குடுத்தேன். எதுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியும்பா. பதினொண்ணையும் கோர்ட்டுல ஒத்துப் பார்த்தாங்க. ஒரு நிமிஷம்கூடத் தப்பு இல்ல” என்றார் இருபது. “நீங்க கொஞ்சம் அசட்டையா எழுதியிருந்தா நாங்க தோத்திருப்போம்.”

மாலை ஏழரைக்கு இரவுக் காவல் வந்தபோது உலை ஆயிரத்து இருநூற்றெழுபதுக்கு ஏறியிருந்தது. மறுநாள் மதியம் பழையபடி ஆயிரத்து முந்நூற்றைம்பது. மறுநாள் காலையிலேயே ஆலை பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பியது. நீதிமன்றம் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் நாள், முற்பகல் பதினொன்றரைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்திரம் ஒவ்வொன்றுக்கும் மாற்றாள். நாற்பது நிமிடத்துக்கு இருபது நிமிடம். கை போனவருக்கு ஆலையிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை. எவர் மீதும் வழக்கு இல்லை. உலைக்குத் தானியங்கிக் கருவி மூன்று மாதத்தில் வரும் என்ற வரியைச் செயலாளர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். படித்த பிறகு தேதியும் போடச் சொன்னார்.

எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது மேலாளர் இருபதை மட்டும் நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உத்தரவு ரத்தாகலேன்னா என்ன பண்ணியிருப்பீங்க? உலையை அப்படியே விட்டிருப்பீங்களா?”

“நாலு மணிக்கு உள்ள வந்திருப்பேன் சார்.”

“ஜெயிலுக்குப் போறதா இருந்தாலுமா?”

“ஆமா.”

மேலாளர் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “இது தெரிஞ்சிருந்தா நான் அந்த ரெண்டாவது மனுவே போட்டிருக்க மாட்டேனே. புத்தகத்தையும் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடியிருக்க மாட்டேனே.”

“அதனாலதான் சார் சொல்லல” என்றார் இருபது. கதவருகே காத்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் படியிறங்கிப் போனார்கள். கீழே வாசலில் எல்லோரும் அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.